வாடை இல்லாத கொடுவா

காட்டுப்பள்ளிக்கு அப்பால் உப்புத் தண்ணீர்க் குட்டைகளில் கொடுவா மீன் வளர்க்கிறார்கள். அந்தப் பண்ணையில் தீவனம் போடுவது என் வேலை. வெகுகாலம் மீன் தூளில் செய்த தீவனத்தைத்தான் போட்டுவந்தேன். வேலை முடிந்து பஸ்ஸில் ஏறினால் என்மேல் அடிக்கும் வாடைக்கு என் பக்கத்து சீட்டு காலியாகவே வரும். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. யாரோடும் பேச வேண்டியதில்லை.

சென்ற ஆண்டு தீவன மூட்டை மாறியது. சோயாப் பிண்ணாக்கு, மக்காச்சோளம், செடி எண்ணெய் சேர்த்துச் செய்த உருண்டைகள். பழைய தீவனத்துக்குப் படகுகள் வாரி வருகிற பொடி மீனைத்தான் அரைத்துத் தூளாக்குகிறார்கள். மீன் வளர்க்க மீனையே அரைத்துக்கொண்டிருந்தால் கடலில் என்ன மிஞ்சும் என்று பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் மேடம் சொன்னார். புது மூட்டையைப் பிரித்தால் மாட்டுக் கொட்டகை வாசனை வந்தது. முதல் நாள் மீன்கள் பாய்ந்து வந்து கவ்வின. கவ்விய வேகத்தில் துப்பின. உருண்டைகள் தண்ணீர்மேல் மிதந்துகொண்டே இருந்தன. பழைய தீவனத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கினோம். கொடுவா இரை கவ்வும்போது தண்ணீரில் கை தட்டுவது போல ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் திரும்பி வர நாளாயிற்று.

என் மனைவி காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்துத் திருவொற்றியூரில் விற்கிறவள். புதுத் தீவனத்தைப் பற்றி அவளிடம் சொன்னேன்.

“கொடுவா கவுச்சி துன்ற ஜாதிய்யா. அதுக்குப் போய் புண்ணாக்கு வெக்கிறீங்க. காலைல பால் கறக்குதா?” என்றாள். பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னாள். அங்கிருந்தும் சிரிப்புச் சத்தம் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மகள் பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தாள். ரத்தம் குறைவாக இருக்கிறது, மாத்திரையோடு கீரையும் மீனும் நன்றாகச் சாப்பிட வேண்டும், இப்படியே போனால் குழந்தையும் எடை குறைந்து பிறக்கும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தார். மீன் குழம்பிலேயே வளர்ந்த பெண். ஆனால் வயிற்றில் பிள்ளை வந்ததிலிருந்து மீன் வாடை பட்டாலே அவளுக்குக் குமட்டியது. அம்மா கூடையோடு வாசலுக்கு வந்தாலே உள்ளே ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். அதனால் என் மனைவி குழாயடியிலேயே குளித்து, வேறு புடவை கட்டிக்கொண்டுதான் வீட்டுக்குள் வந்தாள்.

ஏலத்தில் வந்த நல்ல மீனாகப் பார்த்து எடுத்து வந்து, இஞ்சி பூண்டு அரைத்துத் தடவி, முறுகப் பொரித்து வைத்தாள். தட்டு அப்படியே திரும்பி வந்தது. மகளின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்துக் கிடந்தது. கர்ப்பிணிப் பெண்களுக்கு எந்த மீன் நல்லது என்று தெருத்தெருவாகச் சொல்லி விற்கிறவள், தன் பெண்ணுக்கு ஒரு துண்டு கொடுக்க முடியாமல் இருந்தாள். கூடையைக் கழுவும்போது சத்தம் அதிகமாகக் கேட்டது.

பண்ணையில் எடை பார்க்க வாரம் ஒரு முறை வலை போடுவார்கள். அதில் அடிபடும் மீனை வேலையாட்கள் எடுத்துக்கொள்ளலாம். ஒருநாள் ஒரு கொடுவாவை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி வாசலிலேயே வாங்கி, செவுளைத் தூக்கி மூக்கருகே வைத்தாள். மீன் விற்கிற பெண்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். கண் பொய் சொல்லும், மூக்கு சொல்லாது என்பது அவர்கள் கணக்கு.

“யோவ், யார்யா உன் தலையில கட்டினது? வாசனையே காணோம். ஐஸ்ல கெடந்தத நல்லா அலசிக் குடுத்துகீறான்.”

“காலைலதான் புடிச்சது மே. நான் பாத்துகினு இருந்தேன்.”

“செவுளு இவ்ளோ செவப்பா கீதே, சாயம் தடவிகீறானா?” என்று முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். துணியில் ஒன்றும் ஒட்டவில்லை. விரலால் அழுத்தினாள். சதை குழி விழாமல் எழும்பியது. கண்ணும் தெளிவாக இருந்தது. இருந்தாலும் மறுபடி முகர்ந்து பார்த்து, “மீனுன்னா கடலு வாசன அடிக்கணும். இது தவுடு மாதிரி கீது. புள்ளத்தாச்சிக்குக் குடுக்க மாட்டேன்” என்றாள்.

உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது.

“நைனா, இன்னா கொண்டாந்த?”

“கொடுவா.”

“மீனா? எனுக்கு ஒண்ணும் அடிக்கலியே.”

அவளே எழுந்து வாசலுக்கு வந்தாள். மீனைக் குனிந்து பார்த்தாள். வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. என் மனைவி அரிவாள்மணையை எடுத்தாள். அன்று மகள் இரண்டு துண்டு சாப்பிட்டாள்.

“தவுட்டு மீனுல இன்னா சத்து இருந்துடப் போவுது?” என்ற கேள்வி மட்டும் மனைவியிடம் நிற்கவில்லை. என்னை மேடத்திடம் கேட்கச் சொன்னாள். நான் அவரிடம் நேராகப் பேசிப் பழகியவன் இல்லை. கேட்க வேண்டும் என்று நினைத்து நினைத்துச் சில நாள் போயிற்று. கடைசியில் தீவன வாளியைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

“சதைக்கு உண்டான சத்துல பெருசா குறை இல்லைங்க. ஆனா குழந்தையோட மூளைக்கும் கண்ணுக்கும் நல்லதுன்னு சொல்ற மீன் கொழுப்பு இதுல கம்மிதான். அதுக்காகத்தான் விக்கறதுக்கு முன்னாடி கடைசி வாரங்கள்ல மீன் எண்ணெய் கலந்த தீவனம் போடப் போறோம். அப்ப அது ஏறிடும்” என்றார்.

இதை மனைவியிடம் சொன்னதும், “நான் இன்னா சொன்னேன்?” என்று எழுந்து நின்றாள். எண்ணெய்த் தீவனம் போடுகிற குட்டையிலிருந்து மீன் கிடைக்கும் நாளுக்காக அவள் என்னைவிட அதிகமாகக் காத்திருந்தாள்.

அந்த மீனும் வந்தது. மனைவி செவுளை முகர்ந்தாள். “இப்பதான் மீனு மாதிரி கீது” என்று சந்தோஷமாகக் குழம்பு வைத்தாள். குழம்பு கொதிக்கத் தொடங்கியபோதே மகள் எழுந்து பின்பக்கம் போய்விட்டாள். அவள் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்தாள்.

குழம்பை நாங்கள் இருவரும் சாப்பிட்டோம். நன்றாக இருந்தது. அவள் தட்டைப் பார்த்தபடியே பேசினாள்.

“அந்தத் தவுட்டுக் குட்டைல இன்னும் மீனு கீதா?”

“கீது. அதுல சத்து கம்மின்னு…”

“துன்னாத சத்த வெச்சுகினு இன்னாய்யா பண்றது? கொண்டா.”

அடுத்த வாரம் கொண்டுவந்தேன். அவள் அதை முகர்ந்து பார்க்கவில்லை. மஞ்சள் மிளகு மட்டும் போட்டு வேகவைத்து மூடி வைத்துவிட்டு, ஏலத்தில் எடுத்ததில் மிச்சமிருந்த மீனை விற்க வெளியே போனாள். அவள் திரும்பி வந்தபோது மகள் சாப்பிட்டு முடித்திருந்தாள். மனைவி இடுப்பில் கூடையோடு தெருவிலேயே நின்றுகொண்டு குரல் கொடுத்தாள்.

“தட்டுல இன்னா கீது?”

“முள்ளு கீதும்மா.”

“முள்ளு மட்டுமா?”

“முள்ளு மட்டுந்தான்.”

அதற்குப் பிறகுதான் அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.