இரண்டு தொட்டி வைக்கோல்

கொல்லம் 1107, மாசி 22. விடிந்ததும் பசுவைக் கறந்தேன். குளத்தில் குளித்துவிட்டு வந்து பழையது குடித்தேன். பிறகு புறவாசலுக்குப் போய்த் தொட்டிகளைப் பார்த்தேன்.

நறுக்கிய வைக்கோலைச் சிப்பிச் சுண்ணாம்பு நீரில் ஊறப்போட்டிருந்தேன். கூழாகும் அளவுக்கு இளகினால் இடித்துப் பரப்பி அட்டை செய்யலாம். நாகர்கோவிலில் புத்தகம் கட்டுகிற ஒருவர் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். இரண்டு தொட்டியும் சரியாக வந்தால்தான் வைக்கோல் படப்பில் கை வைக்கலாம் என்பது மனைவியின் கட்டளை.

"வைக்கலு பூராவும் அட்டையாப் போச்சுன்னா ஆடியில பசு என்னத்தத் திங்கும்? பொஸ்தகத்தையா?"

கிழக்குத் தொட்டியில் வைக்கோல் விரலுக்குள் நசுங்கியது. மேற்குத் தொட்டியில் விறைப்பாகவே கிடந்தது. புளித்த வாடை வேறு. ஒரே வயல், ஒரே சுண்ணாம்பு, ஒரே அளவு. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆரத்தி நினைவு வந்து, இரண்டு நீரிலும் மஞ்சள் போட்டுப் பார்த்தேன். கிழக்கில் சிவந்தது. மேற்கில் மஞ்சளாகவே இருந்தது. போட்ட சுண்ணாம்பு எங்கே போயிற்று? தொட்டி ஒழுகுகிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். இல்லை.

அப்போது பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அப்பால் நின்று, கையிலிருந்த பானையை வேலியோரத்து மேற்குத் தொட்டியில் கவிழ்த்தாள். புளித்த கழனித் தண்ணீர்.

"என்ன செய்யுக?" என்றேன்.

"இது மாட்டுத் தொட்டியில்லா அண்ணாச்சி? தெருவே இதுலதான ஊத்துகு. புதுசா வைக்கலும் கிடக்கேன்னு கூட ரெண்டு பானை ஊத்தினேன்."

என் மனைவி சிரித்தாள். புளிப்புப் பட்டால் சுண்ணாம்பு முறிந்துவிடும் என்று நான் விளக்கிக்கொண்டிருக்கையிலேயே பசு மேற்குத் தொட்டிக்குள் தலையை விட்டுவிட்டது. வெறும் வைக்கோலை முகர்ந்துவிட்டு ஒதுங்குகிற மாடு, இதை மூச்சு விடாமல் தின்றது. இழுத்துக் கட்டுவதற்குள் பாதி காலி. அதற்கு ஏதாவது ஆகுமா, அல்லது நல்லதா? யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை.

"ஒரு தொட்டிதான சரியா வந்திருக்கு," என்றாள் மனைவி. "நாளைக்குப் பசு நல்லா நின்னுன்னா பாதிப் படப்பு உங்களுக்கு. இல்லேன்னா அட்டைப் பேச்சே எடுக்கப்பிடாது."

மறுநாள் பல் துலக்கும் முன்பே தொழுவத்துக்குப் போனேன். பசு நின்றபடி அசைபோட்டுக்கொண்டிருந்தது. வேலியோரம் கழனித் தண்ணீருக்கென்று ஒரு பழைய பானையை வைத்துவிட்டு, படப்பின் நடுவில் கயிறு கட்டினேன்.