ஆடி மாதத்து ஊசி

ஆந்திராவில் தமிழ் பேசுகிற எங்கள் பக்கத்தில் புதுசாகக் கல்யாணமான பெண்ணை ஆடி பிறப்பதற்கு முன்பே அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். அந்த மாதம் முழுக்கப் புருஷன் பக்கமே போகக் கூடாது. ஏன் என்று கேட்டால் சித்திரையில் பிள்ளை பிறந்தால் ஆகாது என்பார்கள். நான் பாலசமுத்திரத்தில் அம்மா வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரர் நகரியில் இருந்தார். கிடைத்த அந்த ஒரு மாதத்தை அவர் எதற்குச் செலவழித்தார் என்று நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

ஆவணி பிறந்து என்னை அழைத்துப் போக வந்தபோதே அவர் நடை சரியில்லை. பைக்கில் வராமல் பஸ்ஸில் வந்திருந்தார். நகரிக்குப் போன மறுநாள் மத்தியானம், அத்தை ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில், நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தவரைக் கேட்டேன்.

"இன்னா மாமா, மூலமா?"

"அதெல்லாம் இல்ல."

"எங்கனா வுழுந்தியா?"

"இல்ல டீச்சரம்மா."

அவர் என்னை டீச்சரம்மா என்று கூப்பிட்டால் எதையோ மறைக்கிறார் என்று அர்த்தம். விடாமல் கேட்டேன். கடைசியில் சொன்னார். திருப்பதியில் ஒரு கிளினிக். ஆணுறுப்பைப் பெரிதாகக் காட்ட, தோலுக்கு அடியில் ஒரு ஜெல்லை ஊசியால் ஏற்றுகிறார்களாம். ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

"உனக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு பார்த்தேன்."

காட்டச் சொன்னேன். ஒரு பக்கம் கோலிக்குண்டு மாதிரி கட்டி. இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை. தோல் சிவந்து கிடந்தது. நான் புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். இனப்பெருக்கப் பாடத்தைப் பையன்கள் நெளிய நெளியத் தெலுங்கில் உரக்கச் சொல்லிக் கொடுப்பவள். எனக்கு இதில் வெட்கம் கிடையாது. வந்ததெல்லாம் கோபம்தான்.

"நான் கேட்டனா?"

"இல்ல."

"கொறைன்னு ஒரு நாள் சொன்னனா?"

"இல்ல."

"அப்புறம் யாருக்காவ இது?"

வேட்டியைக் கட்டிக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார். அதற்குப் பதிலை நாலைந்து நாள் கழித்துத்தான் வாங்கினேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் நான். நைனா இன்றைக்கும் கைநாட்டுதான். கல்யாணத்தில் அவர் பிடித்த ஒரே பிடிவாதம், பத்திரிகையிலும் மண்டபத்து வாசல் ஃப்ளெக்ஸிலும் என் பேருக்குப் பக்கத்தில் எம்.எஸ்ஸி., பி.எட். என்று போட வேண்டும் என்பது. போட்டார்கள். மாப்பிள்ளை பேருக்குப் பக்கத்தில் போட ஒன்றும் இல்லை. அவர் பத்தாவது முடித்துவிட்டு அப்பாவின் பவர்லூம் ஷெட்டைப் பார்த்துக்கொள்கிறவர். அதை மறைக்காமல்தான் என்னைப் பெண் கேட்டு வந்தார். எனக்கு அதுவே பிடித்திருந்தது.

ஷெட்டுக்கு எதிர் டீக்கடையில் அவருடைய கூட்டாளிகளுக்குத்தான் அது பொறுக்கவில்லை. தறிச் சத்தத்தில் கத்திப் பேசிப் பழகியவர்கள், கிண்டலையும் தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் செய்வார்கள். "பொண்ணு பேருக்குப் பின்னால ரெண்டு பட்டம் கீது. உனக்குப் பின்னாலதான் ஒண்ணும் இல்ல, முன்னாலயாவது எதுனா கீதா?" தினமும் இதே பேச்சு. அவரும் சிரித்துக்கொண்டே டீ குடித்துவிட்டு வந்திருக்கிறார். அதில் ஒருவன் கிளினிக் விளம்பரத்தை போனில் காட்டியிருக்கிறான். ஆடி பிறந்ததும் கிளம்பிவிட்டார். நான் வருவதற்குள் வீக்கம் வடிந்துவிடும் என்று கணக்கு.

"அதுக்கு ஊசியா போட்டுக்குவ? தபால்ல ஒரு டிகிரி கட்டியிருக்கலாமே!" என்று கத்தினேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் வலித்தது. நல்லா வலிக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

எடுத்துவிடலாம், வா என்றேன். "போகப் போக சரியாயிடும்னாங்க" என்றார். சரியாகவில்லை. ஷெட்டில் நாளெல்லாம் நின்றதில் கட்டி இறுகியது. பாயைத் தனியாகப் போட்டுக்கொண்டார். அத்தை கவனித்துவிட்டு என்னடா என்று கேட்டார். இவர் சொன்ன பதில்: "அவளுக்குத்தான் உடம்பு சரியில்ல."

அவ்வளவுதான். விடிந்தால், பிள்ளை தங்க என்று, வெந்தயத் தண்ணீர், மலைவேம்புக் கஷாயம். பக்கத்து வீட்டுப் பெண்கள் என் வயிற்றையே பார்த்துப் பேசினார்கள். "பொம்பளப்புள்ள அதிகமா படிச்சா கர்ப்பப்பை சூடாயிடுமாம்" என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். கஷாயத்தைக் குடித்துவிட்டு பஸ் ஏறி, பிள்ளைகளுக்குக் கருப்பை படம் வரைந்து பாகம் குறித்தேன். அன்றைக்கு என் கையில் சாக்பீஸ் துண்டு துண்டாக உடைந்தது.

சாயங்காலம் அவரிடம் சொன்னேன். "சனிக்கிழம திருப்பதி போறோம். வரலன்னா நானே அத்தை கிட்ட எல்லாத்தையும் சொல்லிடுவேன்."

அவர் அம்மாவிடம் மலைக்குப் போகிறோம் என்று இன்னொரு பொய்யைச் சொன்னார். கிளம்பும்போது அத்தை மஞ்சள் துணியில் காசு முடிந்து என் கையில் கொடுத்தார். "உண்டியல்ல போட்டுட்டு, வயித்துல ஒரு புள்ள குட்றா சாமின்னு வேண்டிக்கினு வாம்மா." வடமாலபேட்டை தாண்டும் வரை அந்த முடிச்சைக் கையிலேயே வைத்திருந்தேன். யாருடைய பொய்க்கு யார் வேண்டிக்கொள்வது?

முதலில் அந்த கிளினிக். நான் கேட்ட எதற்கும் வரவேற்பில் இருந்த பெண் என்னைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை. "சார்தோ மாட்லாடுதாமு மேடம்." சாரோடுதான், அதாவது என் வீட்டுக்காரரோடுதான், பேசுவார்களாம். உள்ளேயிருந்து கோட்டு போட்ட ஒருவர் வந்து, அந்தக் கட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், இன்னொரு ஊசி போட்டால் ரெண்டு பக்கமும் சமமாகிவிடும் என்றார்.

என் வீட்டுக்காரர் கேட்டார், "எப்ப வரட்டும் சார்?"

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "செவுத்துக்குப் பூச்சு பூசறாங்களா உனக்கு? இன்னா ஏத்தினீங்கன்னு சொல்லச் சொல்லு மொதல்ல" என்று நான் போட்ட சத்தத்தில் காத்திருந்தவர்கள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டார்கள். எல்லோரும் ஆண்கள். ஜெல்லின் பெயரை வாங்கிக்கொண்டுதான் படியிறங்கினேன்.

அங்கிருந்து ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். நல்ல வேளை, கரையக்கூடிய ஜெல்தான், அதைக் கரைக்க வேறு ஊசி இருக்கிறது என்றார். ஒரே தடவையில் முழுக்கக் கரையாமலும் போகலாம். அப்படியே விட்டால் சீழ் பிடிக்கலாம். சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன செய்யலாம் மேடம்?"

"அவரு உடம்பு சார். அவரைக் கேளுங்க."

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார், "கரைச்சா பழையபடி ஆயிடுமா?"

"ஆமா. பழைய அளவுதான்."

என் பக்கம் திரும்பினார். "நீ இன்னா சொல்ற?"

"நான் கட்டிக்கினது அந்தப் பழைய ஆளத்தான். ஆனா டீக்கடையில கேட்டுக்கினு ஏத்திக்கின மாதிரி, என்னைக் கேட்டுக்கினு கரைக்காத. நீயே சொல்லு."

 டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டார்.

"கரைச்சிடுங்க சார்."

ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க முதலில் கையில் சின்னதாக ஒரு ஊசி போட்டு வெளியே உட்கார வைத்தார்கள். பெஞ்சில் அவர் என் கையைப் பிடிக்க வந்தார். கொடுக்கவில்லை.

"வூட்ல ஊசி யாருக்குன்னு யார் சொல்றது?" என்றேன்.

"நானே சொல்றேன்."

அன்றைக்கே கரைக்கிற ஊசியும் போட்டார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அத்தை கேட்டார், "லட்டு எங்கம்மா?" நான் கைப்பையிலிருந்து மஞ்சள் முடிச்சை எடுத்து என் வீட்டுக்காரர் கையில் வைத்தேன்.

"மலைக்குப் போகலம்மா. ஆஸ்பத்திரிக்குப் போனோம்."

"இவளுக்கு இன்னா சொன்னாங்க?"

"இவளுக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான். கண்ட எடத்துல ஒரு ஊசி போட்டுக்கினேன், அதைக் கரைக்கப் போனேன். உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

எங்கே ஊசி என்று அத்தை கேட்கவில்லை. அவர் நிற்கிற நிலையைப் பார்த்தே புரிந்திருக்கும். என்னைப் பார்த்தார். "இத்தன நாளு கஷாயம் குட்ச்சியே, நீ ஏம்மா சொல்லல?"

"அவரு வாயால வரட்டும்னுதான் அத்தை."

அத்தை முடிச்சைப் பிடுங்கி அவருடைய சட்டைப் பையில் திணித்தார். "வேண்டினது வேண்டினதுதான். உடம்பு தேறினதும் நீயே மலை ஏறிப் போயி போட்டுட்டு வா. நடந்து ஏறணும். மொட்டையும் போட்டுக்கணும்."

"அம்மா..."

"இன்னா அம்மா? பொய் சொல்ல வாய் இருந்துதில்ல, ஏறக் கால் இருக்கும்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரப் பார்த்தது. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் சிரித்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்கிற மாதிரி. நான் சிரிக்கவில்லை. அடுப்பங்கரைக்குப் போய், மிச்சமிருந்த கஷாயத்தைச் சாக்கடையில் ஊற்றிவிட்டுப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தேன்.