பெரியம்மா டிவியில் வந்த சாயங்காலம்

எங்கள் பெரியப்பா வீட்டுக்கும் டிவி நிலையம் இருந்த மெட்ராஸுக்கும் நடுவே மலை நின்றது. ஊர் உலகமெல்லாம் வந்து சுற்றிக் கும்பிடுகிற மலையை, டிவி வாங்கிய வருஷம் மட்டும் பெரியப்பா முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மலைக்குக் கிழக்கே, திருவண்ணாமலை டவுனில் இருந்த எங்கள் தெருவில் மொட்டை மாடியில் உயரமாக ஒரு குழாயை நட்டு ஆன்டெனாவைக் கட்டினால் சுமாராகவாவது படம் வந்தது. மலைக்குப் பின்னால், அடி அண்ணாமலையில் இருந்த பெரியப்பா வீட்டில் வந்ததெல்லாம் வெறும் புள்ளி. ஈ மொய்த்த மாதிரி திரை முழுக்கப் புள்ளி. அதற்குள் யாரோ கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல ஒரு சத்தம்.

அந்த வருஷம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, நன்றாகக் காய்த்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் பெரியப்பா டிவி வாங்கினார். மல்லாட்டை ஏன் அப்படிக் காய்த்தது என்பதையும் அவரே டீக்கடையில் எல்லோருக்கும் விளக்குவார். செடி பூத்து மண் அணைக்கும் சமயத்தில் ஜிப்சம் என்ற வெள்ளைத் தூளைப் போட வேண்டும், அதைப் போடலாம் என்று எனக்குத்தான் தோன்றியது, வீட்டில் சொல்லிச் செய்ய வைத்தேன் என்பார். கேட்டவர்களும் தலையாட்டுவார்கள். சனி ஞாயிறுகளில் நான் அங்கே போகும்போதெல்லாம் அந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மூட்டைக் கணக்கு கொஞ்சம் ஜாஸ்தியாகும்.

டிவிக்கு லைசன்ஸ் எடுக்க வேண்டும் என்று பெரியம்மா ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதெல்லாம் ரேடியோவுக்குப் போலவே டிவிக்கும் வருஷா வருஷம் தபாலாபீசில் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில்தான் நிலையம் நடக்கிறது என்று சொல்வார்கள். பெரியப்பா அசையவில்லை.

"படம் ஒழுங்கா வரட்டும், கட்டலாம். புள்ளிக்கு எவனாவது காசு கட்டுவானா?"

அவர் சொல்வதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. ஆனால் படத்தை வரவைக்க அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. கடைக்காரர் சொன்னபடி ஆன்டெனாவை நேராக மெட்ராஸ் பக்கம் திருப்பினால், அது நேராக மலையைப் பார்த்தது. பூஸ்டர் வாங்கிப் பூட்டினார். புள்ளிகள் பெரிதாயின. கடைசியில் ஒருநாள் சலித்துப்போய் ஆன்டெனாவைக் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே தள்ளிக்கொண்டே போனார். மலையின் சரிவு முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் வந்ததும் கீழே பெரியப்பாவின் மகள், என் அக்கா, வீல் என்று கத்தினாள். திரையில் ஒரு முழு ஆள் உட்கார்ந்து செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்! மலையைத் தாண்டி வராத படம் மலையின் ஓரமாக வந்துவிட்டது. பெரியப்பா அந்த நிலையிலேயே குழாயை மாடிச் சுவர்த் தூணோடு சேர்த்து, இரண்டு போல்ட்டுப் போட்டு இறுக்கினார். அதற்கப்புறம் அந்தப் பக்கம் துணிகூட யாரும் உலர்த்தக் கூடாது.

அடுத்ததாக நடந்ததுதான் எங்கள் குடும்பத்தையே தலைகீழாகப் புரட்டியது. விவசாய நிகழ்ச்சிக்காக மெட்ராஸிலிருந்து டிவிக்காரர்கள் ஜீப்பில் வந்து பெரியம்மாவைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பெரியப்பாவை அல்ல, பெரியம்மாவை! விவசாய ஆபீசர் அவள் பெயரைத்தான் எழுதிக் கொடுத்திருந்தாராம். அன்றைக்கு எனக்குப் பள்ளிக்கூடம். அக்கா சொல்லித்தான் தெரியும். சத்தம் சரியாகப் பதியாது என்று வேடிக்கை பார்க்க வந்தவர்களை எல்லாம் தூரத்து வரப்பிலேயே நிறுத்திவிட்டார்களாம். பெரியம்மா என்ன பேசினாள் என்பது அங்கே நின்ற ஒருவருக்கும் கேட்கவில்லை. கேட்டதற்கு அவளும், "இன்னாத்த பேசினேன், கேட்டதுக்குச் சொன்னேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

எந்தச் சாயங்காலம் ஒளிபரப்பாகும் என்று கடிதாசி வந்ததும் எனக்குத் தூக்கம் போயிற்று. வகுப்பில் என் பெஞ்சு முழுக்கச் சொல்லிவிட்டேன். எங்கள் பெரியம்மா டிவியில் வரப்போகிறாள். பேசப்போகிறாள். அப்பாவிடம் அழுது அடம் பிடித்து, அன்றைக்கு மத்தியானமே பஸ் ஏறி அடி அண்ணாமலைக்குப் போய்விட்டேன்.

அங்கே லைசன்ஸ் சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. இப்போது பெரியப்பாவிடம் புது நியாயம் ஒன்று இருந்தது. "நீ அதுல வர்றே. அவங்கதான் நமக்குக் காசு குடுக்கணும். நாம எதுக்கு அவங்களுக்குக் கட்டணும்?"

பெரியம்மா அரிசி களைந்துகொண்டே சொன்னாள். "அவ்ளோ தூரம் ஜீப் எடுத்துக்கினு வந்தாங்களே, அதுக்கு டீசல் நீங்களா போட்டீங்க? நாலு பேரு கட்டறதாலதான் அவங்க நம்ம கொல்லைக்கு வர முடியுது."

பெரியப்பா மாடிக்குப் போய் ஆன்டெனாவைப் பார்த்துவிட்டு வந்தார்.

வெயில் தாழ்ந்ததும் சனம் வர ஆரம்பித்தது. வீட்டுக்குள் இடம் போதாது என்று டிவியை வாசற்படிக்கு நேராக மேஜைமேல் தூக்கி வைத்தாயிற்று. வாசலில் பாய், சாக்கு, கோணி, எது கிடைத்ததோ அது. அப்போதுதான் தெருமுனையில் ஒருவர் சைக்கிளில் வந்தார். காக்கிச் சட்டை, தோளில் தோல் பை, கையில் ஒரு நீள நோட்டு. யாரோ ஒருத்தர் மெதுவாகச் சொன்னார்:

"டிவி லைசன்ஸ் பார்க்கறவரு மாதிரி கீதே..."

பெரியப்பா ஏணியில் ஏறிய வேகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மேலே டங் டங் என்று சத்தம் கேட்டது. ஒரு போல்ட்டு பறந்து வந்து கீழே வைக்கோல் போரில் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. வானத்தில் நின்ற ஆன்டெனா ஆடி, சாய்ந்து, சுவருக்குப் பின்னால் படுத்து மறைந்தே போயிற்று. அக்கா டிவிமேல் பெட்ஷீட்டைப் போட்டு மூடினாள். வாசல் நிறைய உட்கார்ந்திருந்தவர்கள், எதற்காக உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரியாதவர்கள் போல முகத்தை வைத்துக்கொண்டார்கள்.

சைக்கிள்காரர் இறங்கி, கூட்டத்தைப் பார்த்துத் தயங்கி, "இங்க சினைப்பசு ஒண்ணு தீனி எடுக்கலைன்னு சொல்லி அனுப்பினாங்களே, எந்த வூடு?" என்று கேட்டார். மாட்டாஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார்.

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. நிகழ்ச்சி ஆரம்பிக்க நேரம் நெருங்கிவிட்டது. ஆன்டெனா படுத்துக் கிடந்தது. போல்ட்டு இரண்டும் வைக்கோல் போருக்குள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெரியம்மாவைப் பார்த்தேன். நல்ல நாளுக்குக் கட்டும் நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு படியோரம் நின்றாள். தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே பெரியப்பா ஒற்றை ஆளாகக் குழாயைத் தூக்கி நிறுத்தினார். கயிற்றைப் போட்டுத் தூணோடு கட்டினார். ஆனால் காற்று அடிக்க அடிக்கக் குழாய் தானாகத் திரும்பிக்கொண்டது. "கையாலதான் புடிச்சுக்கணும் போலக்குது" என்று கத்தினார். நான் ஏணியில் பாதி ஏறி நின்றுகொண்டேன். அங்கிருந்து பார்த்தால் டிவியும் தெரியும், பெரியப்பாவும் தெரியும். கீழே அக்கா டிவிக் குமிழைத் திருக, நான் நடுவில் நின்று சேதி சொன்னேன்.

"வருதா?"

"வரல!"

"இப்போ?"

"ஆள் தெரியுது, தலை ரெண்டு ரெண்டா தெரியுது!"

"இப்போ?"

"போச்சு! போச்சு பெரிப்பா! வடக்கால திருப்புங்க! இன்னும்! நில்லுங்க, நில்லுங்க!"

புள்ளி கலைந்தது. ஒரு மல்லாட்டைக் கொல்லை கண்ணாடி போலத் தெரிந்தது. கொல்லையின் நடுவே பெரியம்மா!

வாசலில் எழுந்த கூச்சலில் கட்டியிருந்த மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு துள்ளியது. குழந்தைகள் திரைக்கும் படிக்குமாக மாறி மாறிப் பார்த்தன, இங்கே நிற்கிறவள் அங்கேயும் எப்படி நிற்கிறாள் என்று. நான் ஏணிமேலேயே குதித்தேன். "வந்துட்டாங்க! பெரியம்மா வந்துட்டாங்க! அசையாதீங்க பெரிப்பா!"

மாட்டாஸ்பத்திரிக்காரர்கூடப் பசுவை மறந்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒரு அண்ணன் எழுந்து, "மாமா, நான் வந்து புடிச்சுக்கறேன், நீங்க எறங்கிப் பாருங்க" என்று இரண்டு தடவை கூப்பிட்டார். பெரியப்பா வேண்டாம் என்று தலையசைத்தார். "கை மாறினா படம் போயிடும். நீ பாரு."

திரையில் பெரியம்மா பேசினாள். எனக்குத் தெரிந்த பெரியம்மா எட்டு வார்த்தைக்கு மேல் சேர்ந்தாற்போல் பேசியவள் இல்லை. அங்கே நிறுத்தாமல் பேசினாள். எப்போது களை கொத்தினாள், எப்போது தூளைப் போட்டாள், எப்படி மண் அணைத்தாள், எல்லாம் சொன்னாள். கேள்வி கேட்டவர், வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று கேட்டார். பெரியம்மா சிரித்தாள்.

"அவரு மொதல்ல சம்மதிக்கல. 'செடிக்குச் சுண்ணாம்பு தடவி வெத்தல போட வெக்கப் போறியா'ன்னு கேலி பண்ணாரு. அவரு வெளியூர் போயிருந்தப்ப ஒரு காணியில மட்டும் போட்டுட்டேன். காய் புடுங்கறப்ப கூடையைத் தூக்கிப் பாத்தாரு. அப்புறம் வாயே தொறக்கல."

வாசல் முழுக்க வெடித்துச் சிரித்தது. டீக்கடைக் கதையைக் கேட்டுத் தலையாட்டியவர்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள். சிலர் தொடையைத் தட்டிக்கொண்டு மாடியை அண்ணாந்து பார்த்தார்கள். எனக்கு முகம் சுட்டது. பயந்துபோய் மேலே பார்த்தேன். பெரியப்பா எங்கள் யாரையும் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மலைப் பக்கம் பார்த்தபடி நின்றார். காற்று அவர் துண்டைத் தூக்கித் தூக்கி முகத்தில் அடித்தது. அதை விலக்கக்கூட ஒரு கையை எடுக்கவில்லை. அந்தக் காற்றில் அவருக்கு ஒன்றும் கேட்டிருக்காது என்று நினைத்து எனக்கு நிம்மதியாக இருந்தது.

பெரியம்மா கும்பிட்டுவிட்டுத் திரையிலிருந்து போகும்வரை படம் ஒரு முறைகூடச் சிதறவில்லை.

முடிந்ததும் எல்லோரும் படியோரம் நின்ற பெரியம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் மட்டும் மற்றவர்கள் முந்திக்கொள்வதற்குள் மாடிக்கு ஓடினேன். பெரியப்பா தரையில் உட்கார்ந்து உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கையிலும் துரு.

"பெரிப்பா, பெரியம்மா உங்களப் பத்தி ரொம்ப நல்லா சொன்னாங்க. நீங்கதான் எல்லாம் சொல்லிக் குடுத்தீங்கன்னு சொன்னாங்க" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்படியா?" என்றார். பிறகு, "அது கெடக்கட்டும். மூஞ்சி தெளிவா தெரிஞ்சுதா, அதச் சொல்லு" என்றார்.

"சினிமாவுல வர்ற மாதிரி தெரிஞ்சுது பெரிப்பா."

"சத்தம்?"

"ஒரு வார்த்தைகூட விட்டுப்போகல."

அவர் தலையாட்டிக்கொண்டார். அடுத்த வாரமே டவுனுக்குப் போய்த் தபாலாபீசில் லைசன்ஸ் எடுத்து வந்ததாக அக்கா சொன்னாள். யாரும் நினைவுபடுத்தக்கூட இல்லையாம். டீக்கடையிலும் ஜிப்சம் கதை மாறிவிட்டது. எங்க வூட்ல அப்பவே சொன்னாங்க என்றுதான் ஆரம்பிப்பாராம்.

படம் எடுத்த அன்று கொல்லையில் பெரியப்பா எங்கே இருந்தார் என்று நான் யாரையும் கேட்டதில்லை. எல்லோரோடும் தூரத்து வரப்பில் நின்றிருப்பார் என்றே நினைத்திருந்தேன். எனக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, பேச்சோடு பேச்சாகப் பெரியம்மாதான் சொன்னாள். கேமராவின்மேல் வெயில் படாமல் குடை பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டார்களாம். பெரியப்பா ஓடிப்போய் வாங்கிக்கொண்டாராம். அவள் பேசி முடிக்கும்வரை இரண்டடி தள்ளி, அவள் முகத்தைப் பார்த்தபடியே நின்றாராம்.

மாடியில் நின்றவருக்கு, திரையில் என்ன வரப்போகிறது என்று ஒவ்வொரு வார்த்தையாகத் தெரியும். குழாயை ஒரு விரற்கடை திருப்பியிருந்தால் போதும், எல்லாம் புள்ளியாகப் போயிருக்கும். காற்றின்மேல் பழியைப் போட்டிருக்கலாம். ஒருத்தரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. பெரியப்பாவை ஒரு பெரிய அவமானத்திலிருந்து நான்தான் காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமையில், ராத்திரிச் சாப்பாட்டில் இன்னொரு அப்பளம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.