கொப்புளம் ஆறிய பிறகு

இடது விலாவில் முதலில் வெறும் எரிச்சல்தான் வந்தது. தோலில் ஒன்றும் தெரியவில்லை. நான் வெள்ளிமலைக்கு மேலே ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம செவிலியர். ஜீப்பில் நெருக்கியடித்துப் போனதில் சதை பிடித்திருக்கும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் முதுகிலிருந்து மார்புக்குக் கீழ்வரை வரிசையாகக் கொப்புளங்கள் கிளம்பின. அக்கி.

கள்ளக்குறிச்சியில் எங்கள் வீடு. என் மாமியார், அக்கிக்குக் காவிமண் குழைத்துப் பூசி எழுதுபவரிடம் அழைத்துப்போனார். ஈரக் காவி குளிர்ச்சியாக இருந்தது. கொப்புளம் தெரிந்த மூன்று நாட்களுக்குள் தொடங்கவேண்டிய வைரஸ் தடுப்பு மாத்திரையை நான் ஏழாம் நாள்தான் விழுங்கினேன். செவிலியராக இருந்தும் அப்படி. இதைப் படிப்பவர்கள் தாமதிக்க வேண்டாம்.

ஒரு மாதத்தில் கொப்புளங்கள் ஆறின. வலி ஆறவில்லை. புடவைத் தலைப்பு உரசினால் கொள்ளிக்கட்டையால் இழுத்ததுபோல் இருந்தது. மின்விசிறிக் காற்றுகூடப் பொறுக்கவில்லை.

என் கணவர் மரவள்ளி பயிரிடுபவர், அதிகம் பேசாதவர். ஒருநாள் ஜன்னல் வெளிச்சத்தில் என் விலாவைப் பார்த்தார்.

"தோலு நல்லாத்தான் கீது. அப்புறம் இன்னாத்துக்கு வலிக்குது?"

கோபமாகக் கேட்கவில்லை. அவருக்குப் புரியவில்லை. ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை என்றதும், வேலைக்குப் போகாமலிருக்க நானே வலியை வரவழைத்துக்கொள்கிறேனோ என்று என்னைச் சந்தேகிக்கத் தொடங்கினேன்.

நரம்பியல் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். சிறுவயதில் வந்த சின்னம்மையின் கிருமி நரம்பு வேரில் உறங்கிக்கிடந்து, இப்போது விழித்து அந்த நரம்பைச் சிதைத்துவிட்டது. சிதைந்த நரம்பு காரணமில்லாமலே சேதி அனுப்புகிறது. தண்டுவடம் (முதுகெலும்புக்குள் இறங்கும் நரம்புத் திரள்) அதைப் பெருக்கி மேலே விடுகிறது. அதை ஆபத்து என்று எடுத்துக்கொண்டு மூளை வலியை உண்டாக்குகிறது.

"அப்போ இது என் கற்பனைன்னு சொல்றீங்களா சார்?"

"இல்ல சிஸ்டர். கால்ல முள்ளு குத்தினாலும் வலி மூளையிலதான் உண்டாவுது. எல்லா வலியும் அப்படித்தான். உங்க வலி நெஜம்."

நான் அழுதேன். வலி தொடங்கி நான்கு மாதங்களில் அதுவே முதல் முறை.

நரம்பின் சேதியைக் குறைக்கும் மாத்திரை தந்தார். முதல் இரண்டு வாரம் தலை சுற்றியது. பிறகு எரிச்சல் மெல்லத் தணிந்து, தளர்ந்த ரவிக்கை போட முடிந்தது.

அந்த நாட்களில்தான் சின்னப்பொண்ணு நினைவுக்கு வந்தாள். மலையில் சாமை விதைக்கும் பெண். முந்தைய ஆண்டு அக்கி ஆறிய பின்னும் எரிகிறது என்று மூன்று முறை என்னிடம் வந்தாள். தோலைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. காய்ச்சல் மாத்திரை கொடுத்து, ஒன்றுமில்லை, போய் வேலையைப் பார் என்று அனுப்பினேன். நான்காம் முறை அவள் வரவில்லை. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

வேலைக்குத் திரும்பிய முதல் வாரம் அவள் ஊருக்கு நடந்தேன். களத்தில் இருந்தாள். வலதுகையால் மட்டும் முறத்தை ஆட்டிக்கொண்டிருந்தாள். இடது கை உடம்பில் படாமல் விலகியிருந்தது. இன்னும் வலிக்கிறதா என்று கேட்டேன்.

"நீங்கதான ஒண்ணுமில்லன்னீங்க நர்சம்மா. அப்புறம் நா யாருகிட்டயும் சொல்லல."

என் தவறு என்று சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள். மறுநாள் அதே நரம்பியல் மருத்துவரிடம் காட்ட இருவரும் பேருந்தில் மலையிறங்கினோம். வளைவுகளில் என் தோள்மேல் சாயாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அவளுக்கும் அதே மாத்திரை. தாமதத்தால் அவளுக்கு வலி பாதி அளவே குறைந்திருக்கிறது. இரு கையாலும் புடைக்க முடிகிறது என்கிறாள்.

எனக்கும் முழுதாகப் போகவில்லை. முன்பெல்லாம் ஒரு நாளை அடுத்த மாத்திரைக்கு எவ்வளவு நேரம் என்றே அளந்தேன். இப்போது சில நாட்கள் மதியம்வரை எனக்கு ஓர் இடது பக்கம் இருப்பதே நினைவில் இல்லாமல் கழிகின்றன. நினைவு வந்ததும் அசையாமல் நின்று காத்திருக்கிறேன். சிலசமயம் வலி வருகிறது. சிலசமயம் வருவதில்லை.