இடுப்பில் கட்டிய குடுவை

கமலாசனியைப் போல ஒரு பிடிவாதக்காரி, கண்டிக்குப் பக்கத்துக் கன்னொறுவையில் வலைபோட்டுத் தேடினாலும் கிடைக்கமாட்டாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதினெட்டு வருடம், கால்நடைத் தடுப்பூசி ஆய்வுகூடமொன்றில் செல் வளர்ப்பதே அவளுடைய வேலை. குடுவைக்குள் இளஞ்சிவப்புத் திரவம். அடியில் ஒட்டி வளரும், கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். சூடு குறைந்தால் செத்துப்போகும். அதனால் கட்டடம் விட்டுக் கட்டடம் கொண்டுபோகும்போது, குடுவையைத் துணியில் சுற்றி வயிற்றோடு கட்டிக்கொள்வாள். மேலே சேலை. உடம்புச் சூடு போதும்.

2008 மார்கழி. கண்டி வாவிக்கரை ஹோட்டலில் செல் வளர்ப்பு, தடுப்பூசி உற்பத்தி பற்றி மாநாடு. வெளிநாட்டுக் கம்பனிக்காரர்கள் அவளுடைய செல்லைப் பார்த்துக் கையோடு எடுத்துப்போய்த்தான், இங்கே தடுப்பூசி செய்யலாமா என்று முடிவெடுப்பார்கள். மாநாட்டுக்கு முதல்நாள் கரண்ட் போய், ஜெனரேட்டரும் காலை வாரிவிட, எட்டுக் குடுவையில் தப்பியது ஒன்றே ஒன்று.

"உம்மை ஏத்த வான் வராது கமலாசனி, றோட்டெல்லாம் செக்கிங்," என்று ஹோட்டலிலிருந்து போன் எடுத்தார் ஆய்வுகூடத் தலைவர் விவேகானந்தன்.

"நான் பஸ்ஸிலை வாறன் சேர்."

வழக்கம்போல வயிற்றில் கட்டிக்கொண்டு ஏறினாள். யுத்தம் நடக்கிற, இடுப்பில் குண்டு கட்டிய பெண்களைத் தேடுகிற நாட்டில் இருக்கிறோம் என்பதை மனிசி எப்படித்தான் மறந்தாளோ!

கெட்டம்பைச் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். பெண் சிப்பாயின் கை கமலாசனியின் இடுப்பில் பட்டு நின்றது. மறுகணம் சிப்பாய் பின்னுக்குப் பாய்ந்து கத்த, மூன்று துப்பாக்கிகள் நிமிர்ந்தன. சனம் சிதறி ஓடியது. பதினெட்டு வருடம் பேசிய சிங்களம் அந்த நேரம் பார்த்து வாய்க்கு வரவில்லை. "மாட்டுக்கு மருந்து," என்று எப்படியோ சொல்லி, முடிச்சை அவிழ்த்துக் குடுவையை நீட்டினாள்.

"குடி," என்றாள் சிப்பாய் சிங்களத்தில். தண்ணீர்ப் போத்தல் கொண்டுவருகிறவர்களிடமும் அங்கே அதைத்தான் சொல்வார்கள். குடித்துக் காட்டினால் வெடிமருந்து இல்லை.

மூடி திறந்தால் கிருமி புகும், எல்லாம் முடிந்தது. அதைவிட, அந்தத் திரவத்தில் கன்றுக்குட்டியின் இரத்தத்திலிருந்து எடுத்த சீரம் இருந்தது. கலந்ததே அவள்தான். வெள்ளிக்கிழமையில் மீன், இறைச்சி சமைக்கிற மச்சச் சட்டிகூடத் தொடாத சைவக்காரி, அன்றோ வெள்ளி.

"ஐயோ, இதைத் திறக்கேலாது பிள்ளை!"

துப்பாக்கி இன்னும் ஓரடி கிட்ட வந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு மிடறு குடித்தாள். உப்புக் கரித்தது. சிப்பாய்ப் பெண் துப்பாக்கியைத் தாழ்த்தினாள். பாவம், இருபது வயதுகூட இராது.

ஹோட்டலில் விவேகானந்தன் குடுவையைப் பறித்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தார். "நல்ல உயிரோடை இருக்கே!"

"நான் வாய் வைச்சது சேர். நாளைக்குக் கலங்கிப்போகும்."

"நாளைக்குக் கம்பனிக்காரர் போயிடுவினம். பேசாமல் இரும்."

"இதிலை செய்த ஊசியைப் போட்டு மாடு செத்தால் ஆர் பதில் சொல்லுறது?"

அவர் வாயைத் திறப்பதற்குள் குடுவையை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனாள். அங்கிருந்த குளோரீனை ஊற்றித் தன் செல்லைத் தானே கொன்றாள். அழுது அழுது, முறைப்படி மூன்று தரம் குடுவையைக் கழுவினாள்.

திரும்பும்போது கெட்டம்பையில் அதே சிப்பாய்ப் பிள்ளை, குடுவையில்லாத அவளுடைய இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னாள். அந்தச் சீரம் பட்ட வாயைக் காலையிலிருந்து கொப்பளிக்கவேயில்லை என்பது கமலாசனிக்கு அப்போதுதான் நினைவு வந்தது.