மூணு காலேஜும் முழுசா திரும்பி வந்த தண்ணி பாட்டிலும்

பத்தொன்பது வருஷமாக டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறேன். வேளாங்கண்ணி, திருநள்ளாறு, திருவண்ணாமலை என்று சவாரி போன ஊர்களைப் பற்றித்தான் இந்த பிளாகில் எழுதி வருகிறேன். இதில் அதிகம் பேர் படித்த பதிவு எந்தக் கோயிலைப் பற்றியதும் இல்லை. பாண்டியிலிருந்து வேளாங்கண்ணி போகிற வழியில் பெண்கள் தைரியமாக நுழையக்கூடிய கழிவறைகள் எங்கெங்கே என்று ஒரு பட்டியல் போட்டிருந்தேன் பாருங்கள், அதுதான். தண்ணீர், தாழ்ப்பாள், லைட்டு, வாளியும் மக்கும், குப்பைக்கூடை. ஒன்றுக்கு ஒரு மார்க், மொத்தம் ஐந்து. இதற்காக எத்தனை பெட்ரோல் பங்கில் சண்டை போட்டிருக்கிறேன் தெரியுமா? குடும்பத்தோடு வருகிற சவாரி என்னை விட்டுப் போகாததற்கு அந்தப் பட்டியல்தான் காரணம் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இந்தத் தடவை போன பயணம் ரொம்பச் சின்னது. பாண்டி சாரம் பகுதியில் இருக்கிற என் வீட்டிலிருந்து பதினான்கு கிலோமீட்டருக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இருந்தாலும் எழுதுகிறேன். ப்ளஸ் டூ முடித்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு காலேஜ் காலேஜாக ஏறி இறங்கப்போகிறவர்கள் நிறைய பேர் இருப்பீர்கள். நான் கோட்டை விட்ட இடத்தில் நீங்களும் விட வேண்டாம்.

என் மகள் கௌசல்யா, வீட்டில் கௌசி. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் படிப்பேன் என்று அவளே முடிவு பண்ணிவிட்டாள். மூன்று தனியார் கல்லூரிகளில் இடம் இருக்கிறது என்று போனில் சொன்னார்கள். திங்கட்கிழமைக்குள் ஒன்றில் சேர்ந்தாக வேண்டும், சேர்ந்துவிட்டால் மூன்று வருஷம் அங்கேதான். அதனால் போன சனிக்கிழமை ஒரே நாளில் மூன்றையும் பார்த்துவிடுவது என்று கிளம்பினோம். கல்லூரிகளின் பெயரைப் போடவில்லை. கமென்ட்டில் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

வேனை வீட்டில் நிறுத்திவிட்டுப் பஸ்ஸில்தான் போனோம். நாளைக்கு அவள் போகப்போவது பஸ்ஸில்தானே? எத்தனை மணிக்கு பஸ், உட்கார இடம் கிடைக்குமா, ஸ்டாப்பிலிருந்து எவ்வளவு நடை என்பதெல்லாம் காரில் போய் இறங்கினால் தெரியாது. அன்றைக்கு நான் புத்திசாலித்தனமாகச் செய்த காரியம் இது ஒன்றுதான்.

காலை 7.40க்கு வாசலில் செருப்பு மாட்டும்போது என் மனைவி சுமதி ஒரு லிட்டர் பாட்டிலைக் கௌசி பையில் திணித்தாள். வெந்தயம் ஊறப்போட்ட தண்ணீர். "இதையாச்சும் குடிச்சிட்டு வாடி. ஸ்கூலுக்குக் கொண்டுபோன மாதிரி முழுசா திருப்பிக் கொண்டாந்தே, அப்பறம் இருக்கு உனக்கு" என்றாள்.

கௌசிக்குச் சூட்டு உடம்பு. அப்படித்தான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ இரண்டு வருஷத்தில் மூன்று தடவை நீர்க்கடுப்பு. கடைசித் தடவை குளிர் காய்ச்சலோடு, பரீட்சைக்கு முந்தின வாரம் ஊசி போடுகிற அளவுக்குப் போய்விட்டது. நாங்கள் சும்மா இருக்கவில்லை. உச்சந்தலையில் விளக்கெண்ணெய், தொப்புளில் விளக்கெண்ணெய், இளநீர், நீர்மோர் என்று எல்லாம் பார்த்தோம். கோழிக்கறியை நிறுத்தினோம். தண்ணீர் நிறைய குடிக்கச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொன்னதை நானும் தினம் சொன்னேன், திட்டியும் சொன்னேன்.

சாரத்திலிருந்து புது பஸ் ஸ்டாண்டுக்கு டெம்போவில் ஆளுக்குப் பத்து ரூபாய். டெம்போ என்றால் வெளியூர்க்காரர்கள் லாரி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், எங்கள் ஊரில் ஷேர் ஆட்டோவுக்கு அதுதான் பெயர். அங்கிருந்து வில்லியனூர் வழி போகிற பஸ் 8.10க்கு, டிக்கெட் பதினைந்து. வில்லியனூர் தாண்டி மூன்று கிலோமீட்டரில் முதல் கல்லூரி. 8.50க்கு இறங்கிவிட்டோம்.

அடேயப்பா, என்ன கட்டடம்! வாசலில் நீரூற்று, உள்ளே கண்ணாடிக் கதவு, ஏசி லேப். வேலை கிடைத்த பிள்ளைகளின் போட்டோ சுவர் நிறைய. அட்மிஷன் பார்க்கிற தம்பி டை கட்டிக்கொண்டு காபி கொடுத்து உட்காரவைத்துப் பேசினார். நான் ஒரு நோட்டில் இருபத்திரண்டு கேள்வி எழுதிக்கொண்டு போயிருந்தேன். வேலை, சம்பளம், லேப், பஸ், ஒழுக்கம் என்று ஒன்று விடாமல் கேட்டேன். பாதியில் திரும்பிப் பார்த்தால் பக்கத்து நாற்காலியில் கௌசியைக் காணோம்.

பத்து நிமிஷம் கழித்து வந்தாள். "எங்கடி போனே?" என்றால், "சும்மா சுத்திப் பாத்துட்டு வந்தேம்பா" என்றாள். உனக்கு எதாவது கேக்கணுமாம்மா என்று அந்தத் தம்பி கேட்டதற்கும் தலையை மட்டும் ஆட்டினாள். எனக்கோ மனசு நிறைந்துபோயிருந்தது. இங்கேயே முன்பணம் கட்டிவிடலாம் என்று சட்டைப் பைக்குள் கை விட்டேன். அவள் என் முழங்கையைப் பிடித்து, "மூணையும் பாத்துட்டு வரலாம்னு நீதானே சொன்னே?" என்றாள். சரி, ஆசைப்படுகிறாள் என்று எழுந்தேன்.

11.15க்குத் திரும்பவும் பஸ் ஸ்டாண்டு. இரண்டாவது கல்லூரி புல்வாருக்குள், அதாவது பழைய பிரெஞ்சு டவுனுக்குள், பீச் ரோட்டிலிருந்து நடக்கிற தூரம். ஆட்டோக்காரர் எண்பது கேட்டார், எழுபதுக்குப் படிந்தது. மஞ்சள் சுவர், ஆள் உயரத்துக்கு ஜன்னல், நடுவில் வேப்பமரத்தோடு முற்றம். நான் கூட்டி வருகிற டூரிஸ்டுகள் வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிற மாதிரி இடம். ஆபீஸ் மேடம் கறாரானவர், கேட்டதற்கு மட்டும் பதில். என் நோட்டில் ஒன்பதாவது கேள்விக்கு வரும்போது மறுபடியும் கௌசியைக் காணோம்.

இந்தத் தடவை எனக்கு ஏறிவிட்டது. மேடம் எதிரில் அசடு வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும் தெரு என்றுகூடப் பார்க்காமல் பிடித்துக்கொண்டேன். "காலேஜ்ல படிக்கப்போறது நீயா, நானா? வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிருக்கே? நான் பாட்டுக்கு லூசு மாதிரி கேட்டுனு இருக்கேன், நீ பாட்டுக்கு ஊர் சுத்தினு இருக்கே!" அவள் போனில் ஏதோ தட்டிக்கொண்டே நடந்தாள். அது வேறு என் கோபத்தைக் கிளப்பியது.

ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டோம். சாப்பாடு நூறு ரூபாய், மீன் குழம்பு நன்றாக இருந்தது, வறுவல் தனி. மண்டையைப் பிளக்கிற வெயில். நான் மூன்று தம்ளர் தண்ணீர் குடித்தேன். அவள் உதட்டை நனைத்ததோடு சரி, பையில் இருந்த பாட்டிலைத் தொடவே இல்லை. "இதனாலதான் உனக்குச் சூடு புடிக்குது" என்று அதற்கும் ஒரு பாட்டு விட்டேன்.

மூன்றாவது கல்லூரி வடக்கே, ஈ.சி.ஆரில். 1.50 பஸ், டிக்கெட் பதினைந்து. முத்தியால்பேட்டை தாண்டிக் கோட்டக்குப்பம் வந்தால் தமிழ்நாடு, இன்னும் கொஞ்ச தூரத்தில் மறுபடியும் புதுச்சேரி. போர்டைத் தேட வேண்டாம், வரிசையாகச் சரக்குக் கடை வந்தால் புதுச்சேரி வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். மீன் விற்றுவிட்டுக் காலி அன்னக்கூடையோடு வீடு திரும்புகிற பெண்கள் நாலு பேர் எங்கள் பஸ்ஸில் வந்தார்கள். அவர்களோடு 2.25க்குப் பிள்ளைச்சாவடியில் இறங்கி, மேற்கே எட்டு நிமிஷம் நடந்தோம்.

பார்த்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு மாடிச் சாதாரணக் கட்டடம், தகரக் கொட்டகையில் கேன்டீன், லேப்பில் ஏசி இல்லை, ஃபேன். துறைத்தலைவர் ஒரு அம்மா, ஐம்பது வயசிருக்கும். வேலை வாங்கித் தருவீர்களா என்று கேட்டேன். "வர்ற கம்பெனி கம்மிதான் சார். பொய் சொல்லிச் சேக்க மாட்டேன். ஆனா லேப்ல ஒரு பிள்ளைக்கு ஒரு மெஷின், கிளாஸ் ஒழுங்கா நடக்கும்" என்றார். இவ்வளவுதானா என்று எழப்போனேன். கௌசி மறுபடியும் இல்லை.

இந்தத் தடவை விடுவதில்லை என்று தேடிக்கொண்டே போனேன். வராண்டா முடிகிற இடத்தில் பெண்கள் கழிவறை. வெளியே துடைப்பமும் பினாயில் வாளியுமாக ஒரு அம்மா நின்றிருந்தார். உள்ளே யாரோ தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டு எடுக்கிற சத்தம். "கௌசி!" என்று ஒரு கத்து கத்தினேன்.

"ஏன்ணே கத்தறே? பொண்ணு பாத்ரூம் பாக்குது. பாத்துட்டு வரட்டும், இரு" என்றார் அந்த அம்மா. "தினம் தண்ணி வருமா, எத்தனை தடவை கழுவுவீங்க, பேடு போட மூடி வச்ச டப்பா இருக்கா, எல்லாம் கேட்டுச்சு. கெட்டிக்காரப் பொண்ணுதான் பெத்திருக்கே."

கௌசி வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. கேட்பதற்கு முன்னாலேயே போனை நீட்டினாள். மூன்று கல்லூரிக்கும் மூன்று வரி, ஐந்து கட்டம். தண்ணீர், தாழ்ப்பாள், லைட்டு, வாளி-மக், குப்பைக்கூடை. என் பட்டியல். நான் எழுதின அதே வரிசை.

"நீ எழுதினதுதாம்பா. அதை வச்சித்தான் மார்க் போட்டேன்" என்றாள்.

நீரூற்று வைத்த கல்லூரியில் அவள் பார்த்த மாடியில் கழிவறை பூட்டிக் கிடந்ததாம். சாவி ஆபீஸில், அங்கே உட்கார்ந்திருக்கிற ஆளிடம் கேட்டு வாங்க வேண்டும் என்று ஒரு சீனியர் பெண் சொல்லியிருக்கிறாள். அதற்கு ஒரு மார்க், அதுவும் கதவிடுக்கில் தெரிந்த லைட்டுக்கு. புல்வார் கல்லூரியில் ஆறு கதவில் நாலுக்குத் தாழ்ப்பாள் இல்லை, குழாயில் காற்றுதான் வருகிறது. இரண்டு மார்க். இங்கே ஐந்துக்கு ஐந்து.

"இதுக்காடி காலைலேர்ந்து?" என்று கேட்டேன்.

"எனக்கு சூடு இல்லப்பா" என்றாள். "ஸ்கூல்ல உள்ளயே கால் வைக்க முடியாது. காலைல ஏழரைக்குப் போனா சாயந்தரம் அஞ்சரைக்கு நம்ம வீட்டுக்கு வந்துதான் போவேன். அதான் தண்ணியே குடிக்கல. ரெண்டு வருஷமும்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. அவள் எப்படிச் சொல்வாள்? பாட்டில் முழுசாகத் திரும்பி வந்தபோதெல்லாம் நான் திட்டத்தானே செய்தேன்? ஊரில் இருக்கிற பொம்பளைங்களுக்கெல்லாம் பங்க் பங்காகச் சண்டை போட்டவன், என் வீட்டுப் பெண் தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துத் தூங்கியிருக்கிறேன். அந்த வராண்டாவில் நின்று அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது, என்ன பண்ணுவது. துடைப்பத்தோடு நின்ற அம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

பிறகு துறைத்தலைவர் அறைக்கு நாங்கள் இரண்டு பேருமே போனோம். நான் நோட்டை மூடிவைத்துவிட்டேன். கௌசி கேட்டாள், நான் உட்கார்ந்திருந்தேன். எந்த வருஷத்தில் எந்தப் பாடம், லேப் எத்தனை மணி வரை திறந்திருக்கும், மேலே படிக்க என்ன செய்ய வேண்டும் என்று கால் மணி நேரம் கேட்டாள். வாயில் கொழுக்கட்டையெல்லாம் இல்லை. திங்கட்கிழமை அங்கேதான் சேர்த்தோம். "ஏசி லேபை விட்டுட்டு இங்கயா?" என்று மச்சான் கேட்டார், கேட்கட்டும். வேலைக்கு என்ன ஆகுமோ என்று எனக்கும் பயம் இருக்கிறது. அது மூன்று வருஷம் கழித்து வருகிற பயம்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். ஒரு நாளைக்கு இரண்டு கல்லூரி போதும், மூன்றாவதற்குப் போகும்போது கோபம்தான் மிஞ்சும். கல்லூரி நடக்கிற நாளாகப் பார்த்துப் போங்கள், அங்கே படிக்கிற பிள்ளைகளிடம் பேச வேண்டும். கூட்டிக் கழுவுகிறவர்களிடம் பேசுங்கள், டை கட்டினவர் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். பெண்பிள்ளை எழுந்து போனால் எங்கே என்று கத்தாமல் இருங்கள், அம்மா கூட வந்திருந்தால் கூடவே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பாட்டில் முழுசாகத் திரும்பி வந்தால் சூடு என்று முடிவு கட்டாதீர்கள். எங்களுக்கு அன்றைக்கு ஆன மொத்தச் செலவு ஐந்நூறுக்குள்.

கடைசியாகத் திரும்பி வருகிற பஸ். பிள்ளைச்சாவடியிலிருந்து டவுனுக்கு அன்றைக்கு 4.20க்கு ஒரு பஸ், அதை விட்டால் 4.50தான். நாங்கள் 4.05க்குக் கல்லூரி வாசலில் இருந்தோம். எட்டு நிமிஷ நடை, 4.20 பஸ்ஸைத் தாராளமாகப் பிடித்திருக்கலாம். பத்தொன்பது வருஷத்தில் யாருக்காகவும் நேரத்தைத் தவறவிட்டவன் இல்லை நான், சவாரிக்காரர்களைக் கேட்டுப்பாருங்கள். அன்றைக்கு விட்டுவிட்டேன். வாசலில் நின்று கௌசி பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திறந்து, அந்த ஒரு லிட்டர் வெந்தயத் தண்ணீரையும் மடக்மடக்கென்று நின்ற இடத்திலேயே குடித்தாள். கொஞ்ச நேரம் கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் காலி பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு, "இருப்பா, போய்ட்டு வந்துடறேன்" என்று வராண்டா பக்கம் நடந்தாள். "மெதுவா வாம்மா, அடுத்த பஸ்ல போலாம்" என்றேன்.