டிங் யுவேயிங்கும் பதினோரு அடிக் கம்பும்

சண்டைக்கலைக்குப் பேர்போன மெங்ட்சுன் ஊர்ல டிங் யுவேயிங் குத்துன்னா ஆம்பளைங்களே ஒரு அடி தள்ளி நிப்பாங்க. நாப்பத்தஞ்சு வயசு. மாட்டுக்கறி சூப்பு நூடுல்ஸ் கடை வெச்சிருக்கா. தினம் முப்பது கிலோ மாவப் பிசைஞ்சு, கையாலயே இழுத்து இழுத்து நூலாக்குவா. மசூதில தொழுதுட்டு வர்ற கூட்டம் நேரா அவ கடைக்குத்தான் வரும்.

சாயங்காலம் ஊர் மைதானத்துல வெறுங்கைச் சண்டைப் பயிற்சி. ஆயுதம்னா மட்டும் உதட்டப் பிதுக்குவா. "இந்தக் காலத்துல எவன் ஈட்டியத் தூக்கிட்டு சண்டைக்கு வரப்போறான்?"

அப்பத்தான் வலது தோள் மக்கர் பண்ண ஆரம்பிச்சுது. டாக்டர் பட்டுனு சொல்லிட்டாரு: "இப்படியே போனா, புத்தாண்டுக்கு அப்புறம் மாவு வேலைய விட்டுடணும்மா." பதினெட்டு வயசுலேருந்து அவளுக்குத் தெரிஞ்ச ஒரே வேலை அதுதான். கடைய மூடிட்டு என்ன பண்றது?

நாத்தனார் மா ருய்லான் பஸ் ஓட்டுறவ. ஈட்டியில கெட்டிக்காரி, வாய்லயும்தான். "அண்ணி, உங்க பலம் தோள்லயே பொறந்து தோள்லயே சாகுது. மாவும் அப்படித்தானே பிசையறீங்க? பெரிய கம்ப எடுங்க. அது உங்க தப்பக் காட்டிக்குடுத்துரும்."

ஈட்டிக்குப் பழகுற கம்பு அது, பதினோரு அடி நீளம். ஒரு மரத்த அப்படியே வெட்டி எடுத்தது. வேர்ப்பக்கம் பருமன், நுனி ஒல்லி. யுவேயிங்குக்கு அடிப்பக்கம் கைக்கு அடங்கவே இல்ல. இவ என்ன பண்ணுனா தெரியுமா? வீட்டுக்குப் போய் அந்தப் பருமனச் சீவித் தள்ளிட்டா! கம்பு லேசாயிடுச்சுன்னு சந்தோஷம் வேற. ஒரு வாரத்துல தோள் இன்னும் மோசமாச்சு. சாப்புடுற குச்சியக்கூடப் புடிக்க முடியல.

ருய்லான் அந்தக் கம்பப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சா. "ஐயோ அண்ணி! அந்தப் பருமன்தான் நுனியத் தூக்கிப் பிடிக்குது. அதச் சீவிட்டா நுனிப் பாரம் பூரா உங்க தோள்லதானே உக்காரும்!"

யுவேயிங்குக்குக் கண்ணு கலங்கிடுச்சு. ருய்லான் சிரிப்ப நிறுத்திட்டு, தன்னோட சொந்தக் கம்ப அவ கையில குடுத்தா. "புடிங்க. கம்போட அடியப் புடிச்ச கை இடுப்ப விட்டுப் பிரியக் கூடாது. தோள மறந்துடுங்க."

ருய்லான் இன்னொரு கம்போட எதிர்ல நிப்பா; ரெண்டு கம்பு நுனியையும் ஒட்டவெச்சு, தினம் அரை மணி நேரம். வெளிய தள்ளு, உள்ள அமுக்கு, குத்து. அவ்ளோதான். யுவேயிங் நுனி குடிகாரன் மாதிரி ஆடும். "அண்ணி, ஈ ஓட்டறீங்களா?"ன்னு ருய்லான் கேப்பா. வெறுங்கைல பத்து வருஷம் மறைஞ்சு கெடந்த தப்பெல்லாம் அந்த நுனியில பளிச்சுனு தெரிஞ்சுது.

மூணாவது வாரம் ஒரு நாள். கையே ஓஞ்சுபோச்சு, இனி தள்ளத் தெம்பில்ல. அப்பத்தான் குதிகால் தன்னால தரைய மிதிச்சுது, இடுப்பு திரும்புச்சு. கம்பு நுனி படபடன்னு துடிச்சுது பாருங்க! ருய்லான் கையில இருந்த கம்பு அந்தப் பக்கம் தெறிச்சுப் போச்சு.

"இது! இதுதான் அண்ணி!"ன்னு ருய்லான் குதிச்சா.

மறுநாள் மாவுல கைய வெக்கறப்போ, யுவேயிங் குதிகால ஊனி இடுப்பால அமுக்கிப் பாத்தா. தோள் சும்மா தொங்குச்சு. மாவு மெழுகு மாதிரி பதமாச்சு. வலி ஒரே நாள்ல போகல, ஆனா வாரத்துக்கு வாரம் இறங்குச்சு. புத்தாண்டு முடிஞ்சு டாக்டர் கையத் தூக்கச் சொன்னாரு. காத தாண்டித் தூக்குனா.

"மாவு வேலைய விட்டுட்டியாம்மா?"

"இல்லங்க டாக்டர். கூட ஒரு வேலை சேத்துக்கிட்டேன்."

நேரா கடைக்கு வந்து, பெரிய கிண்ணத்துல நூடுல்ஸ் இழுத்துப் போட்டு, பஸ் நிக்கிற எடத்துக்கே தூக்கிட்டுப் போனா. நாத்தனார்கிட்ட நன்றின்னு வாயால சொல்ல அவளுக்கு வரல. கறியத்தான் அள்ளிப் போட்டிருந்தா.

"என்ன அண்ணி, இவ்ளோ கறி? கடை தாங்குமா?"

"இன்னும் இருபது வருஷம் தாங்கும். ஆறதுக்குள்ள சாப்புடு."